மாசிலாமணியின் வாசனையில்லாத லிப் பாம்

நான் இங்கே சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. இதைத் தலைநிமிர்ந்து, நெஞ்சில் கைவைத்து, முன்கூட்டியே உறுதி கூறுகிறேன். ஊரப்பாக்கத்தில் இந்தக் குடியிருப்பின் நூற்றுச் சொச்சம் வீடுகளிலும் என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறீர்கள். நான் வாயைத் திறந்ததும் சிரிக்கத் தயாராகிவிடுகிறீர்கள். குற்றம் உங்களுடையதல்ல. லிஃப்ட் பழுதான அன்று ஏழு மாடியையும் ஒரே மூச்சில் ஏறி, மொட்டை மாடியில் ஒரு பருந்திடம் நலம் விசாரித்துவிட்டு இறங்கினேன் என்று சொன்னவன் நான். எனக்காக ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் திருநெல்வேலி எக்ஸ்பிரஸ் நின்றது, டிரைவர் இறங்கி வந்து கைகுலுக்கினார் என்று சொன்னவனும் நானே. அப்படிப்பட்ட ஆளிடம் ஒரு சாவைப் பற்றிய உண்மை மாட்டிக்கொண்டால் அது என்ன பாடுபடும் என்று இப்போதுதான் தெரிகிறது.

செய்தி செவ்வாய்க்கிழமை காலை வந்தது. ‘பி பிளாக் மாசிலாமணி சார் காலமானார்’ என்று நம் சங்கச் செயலாளர் முரளி வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். அதற்கு நேர் கீழே, ‘இன்று தண்ணீர் லாரி தாமதமாகும், சிக்கனமாகப் பயன்படுத்தவும்’ என்று அவரே போட்டிருந்தார். பிறகு கூப்பிய கைகள் வரிசையாக வந்தன. தொண்ணூறு வரை எண்ணினேன். அவற்றில் எத்தனை மாசிலாமணிக்கு, எத்தனை லாரிக்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கைகூப்பவில்லை. அவர் வீட்டுக்கு இரண்டு மாடி இறங்கிப் போகவேண்டும். இறங்கவும் இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு கதவருகிலேயே அரைமணி நேரம் நின்றேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாசிலாமணி தாம்பரத்தில் ஒரு பழைய கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்து நான்கு வருஷம் உதவியாளராக இருந்தவர். பாடம் நடத்தியவரல்ல. பாடம் நடத்துகிறவர்களுக்கு அளந்து ஊற்றிக் கொடுத்தவர். அளவு என்பது அவருக்கு உடம்போடு வந்த உறுப்பு மாதிரி. அவர் ஆறு டம்ளரில் டீ ஊற்றினால் ஆறிலும் டீ ஒரே கோட்டில் நிற்கும். பூமி அதிர்ந்தால்கூட ஆறும் சேர்ந்துதான் ஆடும். தோசை மாவில் உப்புப் போட எடைக்கல் தேடிய மனிதர் செங்கல்பட்டு மாவட்டத்தில் அவர் ஒருவர்தான். “கண்ணளவெல்லாம் கல்யாணச் சமையலுக்குய்யா. உதட்டுக்குத் தராசு வேணும்” என்பார்.

உதடு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அவர் மனைவி சுலோசனாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்துக்கு மூன்று நாள் தாம்பரத்தில் ஒரு மையத்தில் டயாலிசிஸ் நடந்தது. அந்த நோயாளிகள் இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்க முடியாது. உடம்பில் சேரும் தண்ணீர் வெளியே போக வழியில்லை, நுரையீரலில் ஏறிவிடும். ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் என்று கணக்குச் சொல்லிவிடுவார்கள். மே மாத வெயிலில், மின்விசிறிக்குக் கீழே, தண்ணீர்ப் பானையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் உதடு ஏரிமண் மாதிரி வெடித்திருந்தது. கடையில் விற்கும் லிப் பாம் எல்லாம் மாசிலாமணி வாங்கிவந்து பார்த்தார். புதினா போட்டது எரிந்தது. ஸ்ட்ராபெரி வாசனை போட்டது எரியவில்லை; ஆனால் அதைவிட மோசம். பழ வாசனை வந்ததும் அந்த அம்மாவுக்கு நாக்கு ஊறியது, நாக்கால் உதட்டைத் தடவினார், தடவினதும் தாகம் வந்தது. “வாயில வாசனைய வச்சுட்டுத் தண்ணி குடிக்காதன்னா எப்படிங்க?” என்று அழுதாராம்.

அன்றைக்கு மாசிலாமணி முடிவெடுத்தார்: வாசனையும் ருசியும் இல்லாத ஒரு லிப் பாம் செய்வது. உலகம் முழுக்க எல்லோரும் வாசனை சேர்க்க மண்டையை உடைத்துக்கொள்ளும்போது, வாசனையை எடுப்பதற்காக ஒரு மனிதர் சமையலறையில் ஆறு மாதம் உட்கார்ந்தார். நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு வாங்கிவருவார். அதை வெந்நீரில் உருக்கி, துணியில் வடிகட்டி, ஆறவைத்து, மறுபடி உருக்கி, இப்படி ஐந்து முறை அலசினால் தேன் வாசனை போய், வெளுத்த வில்லையாக மிஞ்சும். தேங்காய் எண்ணெய் ஆகாது; அது அடுப்படியை ஞாபகப்படுத்தும். வாசனையற்ற சூரியகாந்தி எண்ணெய் இரண்டு பங்கு, விளக்கெண்ணெய் ஒரு பங்கு, மெழுகு ஒரு பங்கு. கொதிக்கும் தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து அதில் உருக்குவார். நேராக அடுப்பில் வைத்தால் எண்ணெய் காறிப்போகும். உருகினதும் குளிர்ந்த ஸ்பூனில் ஒரு சொட்டு விட்டு, நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். வெயில் காலத்துக்கு மெழுகு கால் பங்கு கூட. மார்கழிக்கு அந்தக் கால் பங்கு குறைவு. தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய எவர்சில்வர் குங்குமச் சிமிழ்களில் ஊற்றி மூடுவார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கொரோனா வந்து போனபோது மாசிலாமணியின் மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது. மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. இது அவர் மனைவிக்கும் மகள் ஹேமாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். சுலோசனா இருந்தவரை அவர்தான் மோந்து பார்த்துச் சொல்வார். அந்த அம்மா இரண்டு வருஷம் இருந்தார். கடைசி நாளில்கூட உதட்டில் ஒரு வெடிப்பு இல்லை. இதை நான் பெருக்கிச் சொல்லவில்லை, நீங்களும் வந்து பார்த்தீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவர் என் கதவைத் தட்டினார். அந்த மையத்தில் இன்னும் முப்பது பேர் படுத்திருக்கிறார்கள், அவர்களுக்கும் உதடு இருக்கிறது என்றார். பாத்திரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டி, “மோந்து பாரு” என்றார்.

அன்று முதல் ஒன்றரை வருஷம் மாசிலாமணியின் மூக்கு நான். சனிக்கிழமைதோறும் போவேன். பாத்திரத்தில் முகத்தை வைத்து, கண்ணை மூடி, மகா தீர்ப்பு வழங்கும் நீதிபதி மாதிரி ஒரு நிமிஷம் மௌனம் காத்து, “ஒண்ணுமே இல்ல” என்பேன். அவர் சிரிப்பார். ஒன்றுமில்லை என்று கேட்டுச் சந்தோஷப்படுகிற மனிதரை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. புதன்கிழமை காலை லோக்கல் ரயிலில் தாம்பரம் போய் மையத்தில் கொடுத்துவிட்டு வருவார். கூடுவாஞ்சேரியிலிருந்து வரும் ஜெயராஜ் என்ற ஷேர் ஆட்டோக்காரர்தான் அங்கே அவருக்கு முதல் ரசிகர். முதல் தடவை சிமிழைப் பார்த்துவிட்டு, “இன்னா சார், எனக்குப் பொட்டு வச்சு வுடப் போறியா?” என்று கேட்டாராம். மாசிலாமணி அதை எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். நூறு என்பது என் கணக்கு. அவரைக் கேட்டால் நான்கு என்பார்.

பொங்கல் விழாவுக்கு வந்தது வினை. வீட்டில் செய்த பொருட்களை விற்க மேசை போடுகிறோம், ஊறுகாய், முறுக்கு, கைவேலை எல்லாம் வருகிறது, மாசிலாமணி சாரும் அவர் லிப் பாமைக் கொண்டுவரட்டும் என்று முரளி என்னிடம் சொன்னார். மாசிலாமணிக்கு இஷ்டமில்லை. இது விற்கிற பொருளில்லை என்றார். நான் விடவில்லை. என் நண்பனை இந்தக் குடியிருப்பு தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் வேண்டியதில்லை என்று சொன்ன ஆசை. குழுவில் நான் எழுதிய விளம்பரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்: ‘மாசிலாமணி லிப் பாம்! ஒரு முறை பூசினால் உதட்டு வெடிப்பு மூடும், மீதியை ஜி.எஸ்.டி. ரோட்டில் பூசினால் பள்ளங்கள் மூடும். பூசிய மறுநாள் பத்து வருஷம் பேசாத ஓரகத்திகள் பேசிக்கொள்வார்கள்.’ எல்லோரும் சிரித்தீர்கள். அடுத்து ஒரே கேள்விதான் வந்தது. என்ன வாசனை? ரோஸா, லாவண்டரா? வாசனை இல்லை என்று அவர் பதில் போட்டார். வாசனை இல்லாமல் எதற்கு என்று ஏழெட்டுப் பேர் கேட்டீர்கள்.

அந்தச் சனிக்கிழமை நான் சட்டைப்பையில் ஒரு சின்னக் குப்பி ரோஜா அத்தரோடு அவர் வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மேசையில் சிமிழைத் திறந்ததும் குடியிருப்பே மணக்க வேண்டும், எல்லோரும் அடித்துப்பிடித்து வாங்கவேண்டும், மாசிலாமணி ஒன்றும் புரியாமல் விழிக்க வேண்டும், பிறகு நான் குட்டை உடைத்துச் சிரிக்க வேண்டும். இதுதான் என் திட்டம். அடுப்பில் பாத்திரம் இருந்தது. மெழுகு உருகிக்கொண்டிருந்தது. கீழே தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. லாரி வந்தால் முறை வைத்து பிளாக்குக்கு ஒருவர் போய், குழாய் சம்ப்புத் தொட்டிக்குள் இறங்குவதை நின்று பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும் என்பது நம் குடியிருப்பு வழக்கம். அன்று மாசிலாமணியின் முறை. “பாத்துக்கோ, கொதிக்க விட்டுடாத” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

குப்பியைச் சாய்த்தேன். கலக்கினேன். ஜன்னலைத் திறந்து வைத்தேன். அவர் திரும்பிவந்து, ஸ்பூனில் சொட்டு விட்டு, நகத்தால் சுரண்டி, திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, வழக்கம்போல் பாத்திரத்தை என் முகத்துக்கு நீட்டினார். என் வாழ்நாளில் அப்படி ஒரு ரோஜாத் தோட்டம் என் மூக்கில் ஏறியதில்லை. கண்ணை மூடி, ஒரு நிமிஷம் மௌனம் காத்து, “ஒண்ணுமே இல்ல” என்றேன்.

அவர் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மேசையில் முதல் சிமிழை நான்தான் ஆர்ப்பாட்டமாகத் திறந்தேன். வாசனை இல்லை. இரண்டாவதைத் திறந்தேன். இல்லை. நான் போன பிறகு மாசிலாமணி விழாவுக்காகத் தனியாக இன்னொரு பாத்திரம் காய்ச்சியிருக்கிறார். சனிக்கிழமை காலையில் அடுப்பில் இருந்தது மையத்துக்கு. அவருக்கு எப்போதும் மையம்தான் முதல். எது எதற்கு என்று நான் கேட்கவே இல்லை. மேசைக்கு வந்தவர்கள் எடுத்து மோந்துவிட்டுத் திருப்பி வைத்தார்கள். ஒருவர், “எண்ணெய்க் கட்டி மாதிரி இருக்கே அங்கிள்” என்றார். மாசிலாமணி அதற்கும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இங்கேதான் நீங்கள் என்னைச் சரியாகப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலையே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் ரயில் ஏறப்போவது புதன் காலை. நடுவில் இரண்டு முழு நாள். திங்கள் அவரோடு நடை போனேன். செவ்வாய் அவர் வீட்டில் காபி குடித்தேன். கொஞ்சம் ரோஜா வாசனையால் என்ன ஆகிவிடும், பாவம் அந்த நோயாளிகளும்தான் ஒரு நாள் சந்தோஷமாக மணக்கட்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்குப் பொய் சொல்ல ஆளா கிடைக்காது? நானே இருந்தேன்.

புதன்கிழமை அவர் சிமிழ்களை வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டார். ஜெயராஜுக்கு அன்று டயாலிசிஸ். பூசிக்கொண்டார். வெடிப்பில் அத்தர் எரிந்திருக்கிறது; ஆனால் வாசனை விடவில்லை. நக்கியிருக்கிறார், மறுபடி பூசியிருக்கிறார். முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் கூடுவாஞ்சேரியில் ஒரு கடையில் ரோஸ் மில்க் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. நின்றார். எத்தனை குடித்தார் என்று அவரே எண்ணவில்லை. வியாழக்கிழமை காலை மூச்சு வாங்க முடியாமல், உட்கார்ந்தபடியே தூக்கிக்கொண்டு வந்து, அவசர டயாலிசிஸ் செய்து காப்பாற்றினார்கள்.

வெள்ளிக்கிழமை மையத்திலிருந்து மாசிலாமணிக்கு அழைப்பு வந்தது. நானும் கூடப் போனேன். அங்கே பொறுப்பில் இருந்த சிஸ்டர் ஃபிலோமினா நல்ல பெண். கோபப்படவில்லை, அதனால்தான் தாங்க முடியவில்லை. சிமிழை மாசிலாமணியின் கையில் திருப்பிக் கொடுத்து, “கதவுகிட்ட வரும்போதே ரோஸ் வாசனை சார். வாசனை இல்லாததுன்னுதானே உங்ககிட்ட வாங்கினோம்? இனிமே வெளியிலேர்ந்து எதுவும் வேண்டாம்” என்றார். மாசிலாமணி சிமிழைத் திறந்து மூக்கருகில் கொண்டுபோனார். பழக்கம். பிறகு மூடி என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறைப் படத்தைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே ஜெயராஜ் முகம் வீங்கிப் படுத்திருந்தார். “ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன் சார்” என்றார். “ரெண்டு வருசமா அடக்கிகினு கீறேன். அந்த வாசன வந்துச்சு பாரு, நாக்கு கேக்கல.”

ரயிலில் மாசிலாமணி ஒரே ஒரு வாக்கியம் பேசினார். பெருங்களத்தூர் தாண்டினதும், “பாத்திரத்துல ஏதோ இருந்திருக்கு” என்றார்.

அடுத்த பத்து நாள் அவர் அந்த ‘ஏதோ’வைத் தேடினார். வீட்டில் இருந்த ஒவ்வொரு பாத்திரத்தையும் சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைத்தார். வடிகட்டும் துணிகளை எரித்தார். மெழுகு வாங்கிய கடைக்குப் போய் மூட்டையை அவிழ்த்துக் காட்டச் சொல்லித் திட்டு வாங்கினார். நான் சனிக்கிழமை மட்டுமல்ல, தினமும் போனேன். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் செய்தி குடியிருப்புக்கு வந்துவிட்டது. ‘வீட்டுத் தயாரிப்புகளை வாங்குவோர் கவனமாக இருக்கவும்’ என்று முரளி பெயர் போடாமல் குழுவில் போட்டார். பெயர் யாருக்குத் தேவை? அவருக்கு மூக்கு வேலை செய்யாது என்பதும் எப்படியோ வெளியே வந்து, வயசாயிடுச்சு, எதையோ எதிலோ ஊற்றிவிட்டார் பாவம் என்று முடிந்தது. அந்தப் ‘பாவம்’ அவர் காதிலும் விழுந்தது. முப்பத்து நான்கு வருஷம் அமிலத்தை அளந்த மனிதர் அன்றிலிருந்து மாலை நடைக்கு வரவே இல்லை.

பதினோராவது நாள் சொன்னேன். அவர் சமையலறைத் தொட்டியில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார்.

“மாசிலா, பாத்திரமில்ல. நான்தான்.”

அவர் கை நிற்கவில்லை. “என்ன போட்ட?”

“ரோஜா அத்தர்.”

“எத்தன சொட்டு?”

எதற்கு, ஏன், எப்படி மனசு வந்தது என்று ஒன்றும் கேட்கவில்லை. அளவைக் கேட்டார். “மூணு” என்றேன்.

குழாயை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டார். “சிஸ்டர் கதவுகிட்டயே வாசனைன்னாங்க. நாப்பது சிமிழுக்கு மூணு சொட்டு போட்டா கதவு வரைக்கும் வராதுய்யா.”

“மூணுதான்.”

அவர் அலமாரியைத் திறந்து, எண்ணெய் அளக்கும் கண்ணாடி டிராப்பர் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். எதற்கு என்று கேட்டேன். “அடுத்த தடவ எண்ணுறதுக்கு” என்றார். அலமாரியை மூடிக்கொண்டே, யாரிடமோ சொல்வது மாதிரி, “சுலோவோட பாத்திரத்த முந்தாநாள் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டேன். அதுலதான் வாசன இருக்கும்னு நெனச்சேன்” என்றார்.

என்னைத் திட்டவில்லை. வெளியே போகச் சொல்லவில்லை. ஊற்றியது நான்தான் என்று சொன்னதை, ஒரு நொடிகூடச் சந்தேகப்படாமல், அப்படியே நம்பினார். என்னை அப்படி நம்பிய ஒரே மனிதர். அது பாராட்டா தண்டனையா என்று எனக்கு இன்னும் பிரிக்கத் தெரியவில்லை.

மறுநாள் முரளியிடம் போனேன். சங்க அலுவலகத்தில் நாலைந்து பேர் இருந்தீர்கள். அத்தரை ஊற்றியது நான், மாசிலாமணி அல்ல என்றேன். முரளி நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார்.

“சித்தப்பா, ஃப்ரெண்டுக்காக நீங்க பழியை ஏத்துக்கறது பெரிய மனசுதான்.”

“பழி இல்லப்பா. நான்தான் ஊத்தினேன்.”

“போன மாசம் சம்ப்புல டால்பின் பாத்தேன்னீங்க.”

எல்லோரும் சிரித்தீர்கள். நான் சத்தியம் செய்தேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தீர்கள். ஒருவர் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். உங்களைக் குறைசொல்லி என்ன ஆகப்போகிறது? டால்பினுக்கு வால் நீல நிறம் என்றுகூட நான் சொல்லியிருந்தேன். மையத்துக்கும் போய்ச் சொன்னேன். சிஸ்டர் ஃபிலோமினா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “யார் போட்டாலும் ஒண்ணுதான் சார். அவர் கொண்டுவந்தார், ஜெயராஜ் சாகப் பார்த்தார். இனி ரூல் ரூல்தான்” என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் தவறில்லை.

நான்கு மாதம் போயிற்று. மாசிலாமணி என்னோடு பேசினார். மின்வெட்டு, மழை, லாரி, ஹேமாவின் மாமியார் எல்லாவற்றையும் பேசினார். அடுப்பைப் பற்றி மட்டும் பேசவில்லை. மெழுகு வில்லைகள் டப்பாவில் அப்படியே இருந்தன. ஒரு சனிக்கிழமை நான் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஜெயராஜ். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து வந்திருந்தார். உதடு இரண்டு பக்கமும் பிளந்து, ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

“கடையில வாங்கிப் பாத்தேன் சார், எரியுது. பழசு மாரி ஒண்ணு குடு. அந்த சிஸ்டருக்குச் சொல்ல மாட்டேன்.”

மாசிலாமணி எழுந்தார். சமையலறைக்குப் போய் தராசை எடுத்து மேடையில் வைத்தார். மெழுகு டப்பாவைத் திறந்தார். நானும் எழுந்து வாசல்வரை போய் நின்றேன். அவர் வில்லையைத் தட்டில் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் டப்பாவைப் பார்த்தபடி நின்றுவிட்டு மூடினார். தராசை உள்ளே வைத்தார்.

ஜெயராஜிடம் வந்து, “முடியாதுப்பா” என்றார். “மோந்து பாக்க ஆள் இல்ல.”

நான் அவருக்கு இரண்டடி பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஜெயராஜ் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் படியிறங்கிப் போனார். அன்றைக்கு அந்த வீட்டில் காபி போடவில்லை. அதற்கு மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை, தூக்கத்திலேயே, மாரடைப்பில் மாசிலாமணி போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுஸில் இரங்கல் கூட்டம் வைத்தீர்கள். படத்துக்கு மாலை, ஒலிபெருக்கி, சமோசா எல்லாம் குறைவில்லை. முரளி பேசினார்: “வயசான காலத்துல அளவு ஒரு தடவ தவறியிருக்கலாம். ஆனா மனசு தவறாத மனுஷன்.” கைதட்டினீர்கள். அழகான வாக்கியம்தான். ஹேமா முதல் வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அந்த வாக்கியத்தைத்தான் அவள் அப்பாவைப் பற்றி இனி இந்தக் குடியிருப்பு வைத்துக்கொள்ளும். நான் எழுந்து மைக்கைப் பிடித்தேன். வாயைத் திறப்பதற்கு முன்பே மூன்றாவது வரிசையில் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. சாவு வீட்டிலும் சித்தப்பா ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்த நல்ல முகங்கள். நான் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துக்கு முகம் இல்லை. ஒருவேளை சிரிக்க மாட்டீர்கள்.

கூட்டம் முடிந்ததும் ஹேமாவிடம் மட்டும் தனியாகச் சொன்னேன். அவள் அப்பா படத்து மாலையைச் சரிசெய்தாள். பிறகு, “அப்பா என்கிட்ட உங்க பேரைச் சொல்லவே இல்ல சித்தப்பா. காரணம் தெரிஞ்சுபோச்சும்மா, அளவுல தப்பில்லன்னு மட்டும் சொன்னார்” என்றாள். என்னிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றுதான் சொன்னாள். அந்த இரண்டடியை அவள் இனி குறைக்கமாட்டாள் என்று தெரிகிறது. கேட்கவும் எனக்கு உரிமையில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்தக் கண்ணாடி டிராப்பர்தான். சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். நேற்று அதில் தண்ணீர் எடுத்து, ஒவ்வொரு சொட்டாக ஒரு குங்குமச் சிமிழில் விட்டுப் பார்த்தேன். மூன்று சொட்டு சிமிழின் அடியைக்கூட நனைக்கவில்லை. அன்றைக்கு நான் சொட்டு விடவே இல்லை. குப்பியைச் சாய்த்தேன், நிமிர்த்தியபோது பாதிதான் இருந்தது. வாழ்நாள் முழுக்கப் பத்தை நூறாக்கியே பேசிய நான், ஒரே ஒருமுறை கணக்கைக் குறைத்துச் சொன்னேன். அதையும் அளவு தெரிந்த ஒருவரிடம் போய்ச் சொன்னேன். அவர் தெரிந்துகொண்டு சும்மா இருந்தார்.

ஆகவே மூன்று என்றது பொய். பருந்தும் எக்ஸ்பிரஸ் ரயிலும் எப்படியென்று உங்களுக்கே தெரியும். நான் சொன்ன எதையும் நீங்கள் நம்ப வேண்டாம். அந்தப் பாத்திரத்தில் அத்தரை ஊற்றியவன் நான் என்கிற சின்ன விஷயம் மட்டும் நிஜம்.